வெல்லப்பாகு மணம் எங்கிருந்து வந்தது?

மூன்று மாதமாக என் காருக்குள் வெல்லப்பாகு மணம் வந்துகொண்டிருந்தது. அதை நான் கொஞ்சமும் சந்தேகிக்கவில்லை. எங்கள் வீடு பரமத்தி வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் போகும் சாலையில் இருக்கிறது. வழியெல்லாம் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகள். கொப்பரையில் பாகு கொதிக்கும் மணம் எங்கள் ஊர்க்காற்றிலேயே கலந்தது. அது வெளியிலிருந்துதான் வருகிறது என்று இருந்துவிட்டேன்.

அதே மாதங்களில், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலண்ட் அதன் டப்பாவில் குறைந்துகொண்டே வந்தது. வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. வழக்கமாகக் காட்டும் பட்டறையில், "பழைய வண்டி, தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்" என்றார்கள். போர்த் தண்ணீரை ஊற்றினேன். இடப்பக்க முன் இருக்கையின் கால்விரிப்பு எப்போதும் ஈரமாக இருந்தது. "ஏசி தண்ணீர் உள்ளே இறங்குகிறது" என்று சொல்லி வடிகுழாயை ஊதிவிட்டார்கள். மணம், குறையும் கூலண்ட், ஈர விரிப்பு என்ற இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தை மாதத்தில் அம்மாவை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு கொல்லிமலை ஏறினேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்து வளைவு தாண்டியிருப்போம். அம்மா திடீரென்று, "இந்தக் காட்டில் யார் கண்ணு ஆலை ஓட்டுகிறார்கள்? பாகு மணம் வருகிறதே" என்றார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. சுற்றிலும் மரங்கள். கரும்பும் இல்லை, கொட்டகையும் இல்லை.

முன்கண்ணாடி மங்கியது. பனி என்று வைப்பரைப் போட்டேன், போகவில்லை. உள்பக்கம் விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. நாற்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியது. அகலமான இடம் பார்த்து ஒதுக்கினேன். எஞ்சின் சூடேறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்து வைத்தால் சூடு சற்றுத் தணியும் என்பது ஓட்டுநர்கள் பலருக்கும் தெரிந்த வழி. அதைச் செய்தேன். காற்றுத் துவாரங்களிலிருந்து குப்பென்று வெள்ளையாக ஆவி வந்தது. அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. உடனே எஞ்சினை நிறுத்தி அவரைக் கீழே இறக்கினேன். இன்று நினைத்தாலும் மனம் பதறுகிறது.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டிய நீர் அடைபட்டிருக்கும். திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை மூடி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெல்ல இறங்கினோம். சாமி பார்க்காமலே திரும்பியதில் அம்மாவுக்கு வருத்தம்.

நாமக்கல்லில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் பானட்டைத் திறப்பதற்கு முன்பே விரிப்பைத் தூக்கி, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தார். துணியில் வெளிர்பச்சைக் கறை. "ஏசி தண்ணீருக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, பிசுக்கும் கிடையாது அண்ணா" என்றார். பிறகு கூலண்ட் டப்பாவின் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். கீழே ஒரு சொட்டு விழவில்லை. பம்பின் அழுத்த முள் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஹீட்டர் கோர் ஓட்டை. அது ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினின் சூடான கூலண்ட் அதன் வழியாக ஓடும். அது கசிந்தால் வண்டிக்கு உள்ளேதான் கசியும்.

கசிவு எப்படித் தொடங்கியதோ, நான் ஊற்றிய போர்த் தண்ணீர் அதை வளர்த்தது. துரு பிடிக்காமல் காக்கும் மருந்து கூலண்டில்தான் இருக்கிறது. தண்ணீர் சேரச் சேர அது நீர்த்துப்போகும். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே படிவு கட்டும். வடிகுழாயை ஊதிவிடும் முன்பு அந்தப் பழைய பட்டறையில் ஒரு முறை விரிப்பை மோந்து பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அன்று ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். எங்கள் ஊர் வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மலைப் பனியில் கண்ணாடி தெளிய அது வேண்டும் என்பதால் நான் அடுத்த மாதம் புதிய கோர் போட்டேன். டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி மாட்ட இரண்டு நாள் ஆனது. பொருளைவிடக் கூலி அதிகம். விரிப்பைக் கழுவிய நீரைத் தெருவில் விட வேண்டாம் என்றும் அவர் எச்சரித்தார். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாய், பூனை நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும்.

காத்திருந்த நேரத்தில் அவரிடம் மற்ற நாற்றங்களையும் கேட்டேன். சிக்னலில் நின்றால் மட்டும் எண்ணெய் கருகும் வாடை வந்தால், எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் கசிந்து சூடான புகைக்குழாயில் சொட்டுகிறது. ஓடும்போது காற்று அதை அடித்துப் போய்விடும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் முதலில் பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க வேண்டும், பக்கத்தில் தீக்குச்சி கூடாது. பெட்ரோல் வாடை என்றால் வண்டியை எடுக்கவே கூடாது. எதுவானாலும் முதல் சோதனை ஒன்றுதான் என்றார்: கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றை அடைத்துப் பார். வெளி மணம் குறையும். உள் மணம் கூடும்.

பங்குனியில் மீண்டும் கோயிலுக்குப் புறப்பட்டோம். வீட்டைத் தாண்டியதும் பாகு மணம். நான் சொல்வதற்கு முன்பே அம்மா கண்ணாடியை ஏற்றினார். மணம் நின்றது. "இது ஆலை" என்றார்.