தெலுக் பாஹாங் – கெராச்சுட் நடை போனவங்க சொல்லுங்க, எனக்கு ஒன்னு மனசைவிட்டுப் போகல

கெடாக்காரி:

மூனு வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல. இங்க பினாங்கு தேசியப் பூங்காவுல நடந்தவங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால சொல்றேன்.

நாங்க பதினாலு பேர். பட்டர்வொர்த் பக்கம் ஒரு நடைக்குழு ஏற்பாடு பண்ணது, கைடு ஒருத்தர்தான். எட்டரைக்கு வாசல்ல பேர் பதிஞ்சுட்டுக் கிளம்பினோம். பாதை உங்களுக்குத் தெரியும்தானே. முதல்ல கடலை ஒட்டியே, வேருக்கு மேல வேரா போகும். பாலத்துக்கிட்ட ரெண்டா பிரியும். கடலோரமாவே போனா குரங்குக் கடற்கரை, காட்டுக்குள்ள மேடு ஏறினா கெராச்சுட் கடற்கரை. நாங்க மேடு ஏறணும்.

வரிசையில எனக்குப் பின்னால ஒரு ஆன்ட்டி மட்டும்தான். அறுபது வயசுக்கு மேல இருக்கும். பிரிவுக்குக் கொஞ்சம் முன்னாடி ஷூ கயிறு அவிழ்ந்துபோச்சுன்னு குனிஞ்சு கட்டினாங்க. "நீ போம்மா, பின்னாலயே வர்றேன்"னாங்க. நானும் நடந்தேன். மேட்டுல ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். இலைக்கு நடுவுல அவங்க தொப்பி தெரிஞ்சுது, இன்னும் குனிஞ்சுதான் இருந்தாங்க. முன்னால போனவங்க சத்தம் தேஞ்சுகிட்டே போச்சு. அவங்களை விட்டுடக் கூடாதேன்னு நான் வேகமா ஏறிட்டேன்.

கெராச்சுட் ஏரிக்கு மேல இருக்கிற பாலத்துல எல்லாரும் படம் எடுத்துக்கிட்டு இருக்கும்போது கைடு எண்ணினாரு. பதிமூனு. மறுபடி முதல்லேர்ந்து எண்ணினாரு. விரல் ஒவ்வொருத்தரா தாண்டி வந்து என்மேல நின்னுச்சு. எனக்கு அப்புறம் யாருமில்ல.

கைடு வந்த வழியே ஓடினாரு. நாங்க மணல்ல உட்கார்ந்திருந்தோம். ஒன்றரை மணிக்கு ஒரு மீனவர் படகு வந்துச்சு, அதுல ஆன்ட்டி. கடலோரப் பாதையில தனியா தெலுக் டுயோங், அதான் அந்தக் குரங்குக் கடற்கரை வரைக்கும் போயிருக்காங்க. எல்லாரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சாங்க, தண்ணி கொடுத்தாங்க. கடைசியா என் பக்கத்துல வந்து, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொன்னாங்க: "நீ திரும்பிப் பார்த்தியா, அதான் நிப்பேன்னு நெனச்சு மெதுவா கட்டினேன்."

அவ்வளவுதான். கோவமே இல்ல அவங்க குரல்ல.

ஜெலுத்தோங் மணி:

அக்கா, படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். என்னோடதும் எண்ணிக்கை சமாச்சாரம்தான்.

அனுமதி வாங்கி கெராச்சுட்ல கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கினோம். காலையில படகுல திரும்பற ஏற்பாடு. ஏழு மணி இருக்கும். மேற்கால வானத்தோட அடியில கறுப்பா ஒரு கோடு. நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும், சுமத்ராவுலேர்ந்து நீரிணையைத் தாண்டி வர்ற காத்து. ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் விடியற நேரத்துல வரும், ஒரு மணி ரெண்டு மணி அடிச்சுப் போட்டுப் போய்டும். படகுக்கார பாக்சிக் அதுக்குள்ள முனையைத் தாண்டிடலாம்னு கிளப்பிட்டாரு. தாண்ட முடியல. திடீர்னு காத்து குளிர்ந்துச்சு, தண்ணி ஈய நிறமாச்சு, மழை பக்கவாட்டுல அடிச்சுது.

படகுல பதினோரு பேர். மிதவைச் சட்டை பத்து. கரையில ஏறும்போதே கைடு பார்த்திருக்கணும், அது வேற விஷயம். அலை எழும்பினதும் ஒரு சின்னப் பையன்கிட்ட சட்டை இல்லங்கிறதைக் கைடு பார்த்துட்டு, தன்னோடதைக் கழட்டி அவனுக்கு மாட்டினாரு. அந்தப் பையனுக்கு ரெண்டாவது ஆளா உட்கார்ந்திருந்தவன் நான். அவன்கிட்ட சட்டை இல்லன்னு எனக்கு ஏறின உடனேயே தெரியும். என் கை என் சட்டையோட கொக்கியைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இறுக்கமா.

ஒன்னும் ஆகல. பாக்சிக் படகோட மூக்கை அலைக்கு நேரா வச்சே அரை மணி நேரம் ஓட்டிக் கரை சேர்த்துட்டாரு. அந்தக் கொக்கி பதிஞ்ச தடம் ரெண்டு நாள் உள்ளங்கையில இருந்துச்சு.

சிராங்கூன்வாசி:

நாங்கள் சிங்கப்பூரிலிருந்து பள்ளி விடுமுறையில் போனோம். குரங்குக் கடற்கரை வரைக்கும் மட்டும்தான். அப்பாவுக்கு நீரிழிவு, இன்சுலின் பேனாவை ஒரு சிறிய பையில் ஐஸ்கட்டியோடு வைத்திருந்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தை வெளியே எடுக்காதீர்கள் என்று கைடு இரண்டு தடவை சொன்னார். நாங்கள் எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பை சாப்பாட்டுப் பை மாதிரியே இருந்தது.

குரங்கு ஜிப்பைத் திறந்தது. கிழிக்கவில்லை, நம்மைப் போல இரண்டு விரலால் பிடித்து இழுத்துத் திறந்தது. ஐஸ்கட்டியை மோந்து பார்த்துக் கீழே போட்டது. பேனாவைக் கடித்துக்கொண்டே மரத்தில் ஏறிவிட்டது. அப்பா கத்தவே இல்லை. "பரவால்ல, பரவால்ல" என்று எங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டே இருந்தார், அவர் உதடு காய்ந்திருந்தது. கைடு கைப்பேசியில் படகைக் கூப்பிட்டு எங்களைப் படகுத்துறைக்கு அனுப்பி வைத்தார்.

இதை எழுதினால் உடனே குரங்குகளைத் திட்டுவார்கள். திட்டாதீர்கள். அங்கே வந்து ரொட்டி போட்டுப் பழக்கியவர்கள் நாம்தான். அதே பாதையில், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கறுங்குரங்குகளையும் பார்த்தோம். அவை உச்சிக் கிளையில் உட்கார்ந்து இலையைத் தின்றுகொண்டிருந்தன, எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மனிதர் கொடுத்ததை அவை இன்னும் தின்னப் பழகவில்லை.

தாப்பா மலையேறி:

2011-இல் கெராச்சுட்டில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றபோது என் காலில் ஜெல்லி மீன் சுற்றிக்கொண்டது. சாட்டையால் அடித்ததுபோல் வரி வரியாகத் தடித்துவிட்டது. கைடு மணலைப் போட்டுத் தேய்க்கச் சொன்னார், தேய்த்தேன், வலி இரண்டு மடங்கானது. என் கதை இவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன், எல்லாரும் கவனமாகப் படியுங்கள். மணலால் தேய்க்கவே கூடாது. சாதாரணத் தண்ணீர் ஊற்றவும் கூடாது, தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டுச் செல்கள் வெடித்துவிடும். வினிகரை முப்பது வினாடிக்குக் குறையாமல் ஊற்ற வேண்டும். அதன்பிறகு ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும், வெறும் விரலால் அல்ல. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு அடைத்தாலோ காத்திருக்காமல் படகைக் கூப்பிட வேண்டும். அந்தக் கடலில் பெட்டி ஜெல்லி மீன் இருக்கிறது. குரங்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் தெலுக் அலிங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் கடல் ஆய்வு நிலையத்தின் வழியாகத்தானே நடந்து போகிறீர்கள், அவர்களே இதைத்தான் எச்சரிக்கிறார்கள். ஒரு சின்ன போத்தல் வினிகர் என்ன கனம்? கைடு கொண்டுவருவார் என்று இருக்காதீர்கள்.

அடுத்து, தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். கெராச்சுட் பாதை மூன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை என்று சொல்லி ஒரு சின்ன போத்தலோடு வருகிறார்கள். அந்தக் காட்டுக்குள் காற்றே இருக்காது, ஏற்றத்தில் வேர்வை ஆறாக ஓடும். காலணி பழையதானாலும் அடிப்பாகம் தேயாமல் இருக்க வேண்டும், மழை பெய்த மறுநாள் அந்த வேர்கள் சோப்புக்கட்டி மாதிரி. விசில் ஒன்று கழுத்தில் இருக்க வேண்டும். திரும்பும் படகை மதியத்துக்குமேல் வைக்காதீர்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து 101-ஆம் எண் பஸ் தெலுக் பாஹாங் வரை வரும், முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள்.

கடைசியாக கெடாக்காரிக்கு. நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்வது தவறு. பதினாலு பேருக்கு ஒரே கைடு என்றால் பாதை பிரியும் இடத்தில் அவர் நின்றிருக்க வேண்டும். கடைசி ஆள் தாண்டும்வரை நகரக் கூடாது. இது மலையேற்றத்தின் அரிச்சுவடி. அந்தக் கைடு அந்த வேலைக்குத் தகுதி இல்லாதவர்.

வழிகாட்டியாக இருந்தவன்:

தாப்பா அண்ணே, வினிகர் பத்திச் சொன்னது முழுக்க சரி. கடைசி வரிக்குத்தான் பதில் சொல்ல வந்தேன்.

அந்தக் காட்டுல நாலு வருஷம் ஆள் கூட்டிக்கிட்டு நடந்திருக்கேன். பிரிவுல நிக்கணும்னு எங்களுக்கும் தெரியும். அங்க நின்னா என்ன ஆகும் தெரியுமா? முன்னால போற நாலு இளைஞருங்க ஏத்தத்துல ஓடிடுவாங்க. அவங்க வழுக்கி விழுந்தா அதுக்கும் நான்தான். ரெண்டு கைடு போடுங்கன்னு ஏற்பாட்டாளர்கிட்ட கேட்டா, தலைக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கூடும், ஆள் வராதுன்னு சொல்வாங்க. அந்தக் கைடு தப்பு பண்ணலன்னு நான் சொல்லல. தகுதி இல்லாதவர்னு ஒரு வரியில முடிச்சிடாதீங்க. பதிமூனுன்னு தெரிஞ்சதும் அவர் ஓடினாரு. அந்த ஓட்டம் எனக்குத் தெரியும், வயித்துல கல்லைக் கட்டின மாதிரி இருக்கும்.

அப்புறம் இந்த கெராச்சுட் ஏரி. மேல நல்ல தண்ணி, கீழ கடல் தண்ணி, ரெண்டும் கலக்காம அடுக்கா நிக்கும், உலகத்துலயே இப்படி அபூர்வம்னு படிச்சிட்டு வருவாங்க. மழை இல்லாத மாசத்துல வந்தா வெறும் சேறும் புல்லும்தான். "இதுக்கா நடக்க வச்சே"ன்னு என் முகத்துக்கு நேரா கேட்டவங்க உண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுன்னவங்களும் உண்டு. அதைக் கேட்டுக் கேட்டு, வந்தவங்க முகம் சுளிக்கக் கூடாதுங்கிறதே எனக்குப் பெரிய பயமா போச்சு.

அந்தப் பயத்துல செஞ்சதுதான் என்னை இன்னும் உறுத்துது. கெராச்சுட்ல ஆமை முட்டைப் பாதுகாப்பு இடம் இருக்குல்ல, ஒரு சாயங்காலம் பொரிச்ச குஞ்சுகளை அலுவலருங்க மணல்ல விட்டாங்க. பச்சை ஆமைக் குஞ்சு, உள்ளங்கையில பாதிகூட இருக்காது. தானாவே மணல்ல நடந்து கடலுக்குள்ள போகணும், யாரும் தொடக் கூடாது, வெளிச்சம் அடிக்கக் கூடாது. இதை நானே எல்லாருக்கும் சொன்னேன். அலுவலர் அந்தப் பக்கம் திரும்பினப்போ என் குழுவுல ஒருத்தர் குஞ்சு ஒன்னைத் தூக்கி, கைப்பேசி விளக்கைப் போட்டு, மகளோட முகத்துக்குப் பக்கத்துல வச்சுப் படம் எடுத்தாரு. குஞ்சு காத்துல நீந்துச்சு. நாலு துடுப்பும் அடிக்குது, தண்ணியில இருக்கிற மாதிரி. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். அந்தக் குழுவுலயே அதிகமா பணம் கட்டினவர் அவர். கீழ விட்டதும் அது கடலுக்குப் போகல, வெளிச்சம் இருந்த எங்க பக்கமா திரும்பி நடந்துச்சு.

தாப்பா மலையேறி:

தம்பி, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனாலும் ஐந்து வெள்ளிக்காக இரண்டாவது கைடை விட்டுவிட்டோம் என்பது பதில் ஆகாது. அந்த ஆன்ட்டி வழுக்கி விழுந்திருந்தால்? மற்றதை விட்டுவிடுகிறேன். ஆமை விஷயத்தை நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

மயிலாப்பூரான்:

சண்டைக்கு நடுவுல வர்றேன், மன்னிச்சுக்கோங்க. வேலைக்காக கோலாலம்பூர் வந்து ஊருக்குப் போக முடியாம இருந்த சமயம். அலுவலக நண்பர்களோட ஒரு கைடை வச்சுக்கிட்டு அந்தப் பூங்காவுல இருக்கிற கலங்கரை விளக்கம் வரைக்கும் ஏறினோம். 1883-ல கட்டினதாம், கடைசி ஏத்தம் செங்குத்து. எல்லாருக்கும் அந்த மேல இருந்து பார்த்த கடல்தான் பிடிச்சுது. எனக்கு மனசுல நிக்கறது கீழ இருக்கிற கடற்கரை.

இளைப்பாற ஒரு மரத்தடியில உட்கார்ந்தேன். தடிச்ச பளபளப்பான இலை, உருண்டைக் காய் கீழ சிதறிக் கிடக்கு. ஒன்னை எடுத்து நகத்தால கீறி மோந்ததும் தொண்டை அடைச்சிடுச்சு. புன்னை. எங்க கபாலீஸ்வரர் கோயில்ல தலமரம் இதுதான், என் பாட்டி பிரகாரம் சுத்தும்போதெல்லாம் அடியில நின்னு இலையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திப்பாங்க. கைடு மலாய்க்காரர். நான் காயைப் பிடிச்சுக்கிட்டு அழறதைப் பார்த்து என்ன ஆச்சுன்னு கேட்டார். மரத்தைக் காட்டி "என் ஊர்"னு மட்டும் சொன்னேன். "பெனாகா"ன்னு மரத்தோட பேரைச் சொல்லிட்டு, குழு கிளம்பற வரைக்கும் அவரும் என் பக்கத்துல உட்கார்ந்துட்டார். ஒரு வார்த்தை பேசல. அவர் பேரைக்கூட நான் கேட்டு வச்சுக்கல, அதுதான் வருத்தம்.

கெடாக்காரி:

எல்லார் பதிலையும் படிச்சேன். தாப்பா ஐயா, என்மேல தப்பில்லன்னு சொன்னீங்க, நல்ல மனசு. அந்தக் கைடு அன்னைக்கு வந்த வழியே ஓடிப்போனவர், நாங்க படகுத்துறைக்குத் திரும்பினப்போ ஆன்ட்டி கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டாரு. நான் கேக்கல. பின்னால நின்னுக்கிட்டு இருந்தேன்.

ஆன்ட்டி நம்பர் குழுவுல இன்னும் இருக்கு. ஒவ்வொரு பொங்கலுக்கும் எல்லாருக்கும் வாழ்த்துப் படம் அனுப்புவாங்க, எனக்கும் வரும். நானும் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிடுவேன். இந்த ஞாயித்துக்கிழமை கூப்பிடலாம்னு இருக்கேன்.