பேக்ட்ரேஸ் (பிழை வந்தபோது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் பட்டியல்) கைவிட்ட அனுபவம் உண்டா? எழுதுங்கள்

பதிவு 1

ஹாஸ்கெல் மொழியில் எழுதிய சர்வர். இரவு இரண்டு மணிக்கு விழுந்தது. லாகில் ஒரே வரி: ‘ப்ரீலூட்.ஹெட்: எம்ப்டி லிஸ்ட்’. எந்தக் கோப்பு, எந்த வரி, ஒன்றும் கிடையாது. பட்டியலின் முதல் உறுப்பைத் தரும் ஹெட்டை நாற்பது இடங்களில் அழைத்திருந்தோம்.

பிழை தேட உதவும் தகவலைச் சேர்க்கும் -ஜி போட்டுக் கம்பைல் செய்து, ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் பார்த்தால், ஸ்டாக்கில் (அழைப்புகளின் அடுக்கில்) லாக் எழுதும் ஃபங்ஷன் நிற்கிறது. பாவம், வந்த மதிப்பை அச்சிடுவது மட்டும்தான் அதன் வேலை. இரண்டு நாள் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்கெல் சோம்பல் மதிப்பீட்டு மொழி, தேவைப்படும்போதுதான் மதிப்பைக் கணக்கிடும். அதனால் மதிப்பைக் கேட்டது யார் என்றுதான் அந்த ஸ்டாக் சொல்கிறது, உண்டாக்கியது யார் என்று அல்ல. இது அப்புறம்தான் உறைத்தது.

கடைசியில் லைப்ரரிகளையும் சேர்த்து ப்ரொஃபைலிங்கோடு (எந்த ஃபங்ஷனுக்குள் எது ஓடுகிறது என்று பதியும் முறை) மறுபடி கம்பைல் செய்து, நிரலை ஓட்டும் ஆர்டிஎஸ்ஸுக்கு, எக்ஸெப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) எழும்போதெல்லாம் ஸ்டாக்கை அச்சிடும் -எக்ஸ்சி கொடுத்தோம். பிடித்துச் சமாளித்த எக்ஸெப்ஷன்களுக்கும் சேர்த்துக் கொட்டியது. அந்தக் குவியலின் அடியில் இருந்தது செஷன்களை வடிகட்டும் ஃபங்ஷனின் பெயர்.

பதிவு 2

எல்லாவற்றையும் சோம்பல் மதிப்பீட்டின் தலையில் கட்டாதீர்கள். ஓகேமல் உடனுக்குடன் கணக்கிடும் மொழி. அதிலும் ஏமாந்திருக்கிறேன்.

-ஜி இருந்தது, ஓகேமல்ரன்பராம் என்ற சூழல் மாறியில் பேக்ட்ரேஸைக் கேட்கும் பி-யும் இருந்தது. ஆனாலும் ட்ரேஸின் முதல் வரி எக்ஸெப்ஷனைப் பிடிக்கும் என் ஹேண்ட்லரையே காட்டியது, அதற்குக் கீழே எதுவும் உதவவில்லை. ஹேண்ட்லரில் எக்ஸெப்ஷனை மறுபடி எறியும் முன் சேனலை (கோப்பை எழுதப் படிக்கத் திறந்த வழியை) மூடியிருந்தேன். மூடும்போது உள்ளே வேறொரு எக்ஸெப்ஷன் எழுந்து, அங்கேயே பிடிபட்டு, பழைய பேக்ட்ரேஸை அழித்துவிட்டது. ஹேண்ட்லரின் முதல் வேலையாக கெட்_ரா_பேக்ட்ரேஸால் பேக்ட்ரேஸை எடுத்து வைத்து, ரெய்ஸ்_வித்_பேக்ட்ரேஸால் எறிந்ததும் சரியான வரி வந்தது. ரெய்ஸ்_வித்_பேக்ட்ரேஸ் ஓகேமல் 4.05 முதல் இருக்கிறது. 4.08-இல் வந்த ஃபன்.ப்ரொடெக்ட் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

பதிவு 3

என் கதை சின்னது. நடுவில் இருந்த ஃபங்ஷன் ட்ரேஸிலேயே இல்லை. கடைசி வேலையாக இன்னொன்றை அழைத்ததால் நடு ஃபங்ஷனின் ஃப்ரேம் (ஸ்டாக்கில் அதற்கான இடம்) போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆனால் முதல் பதிவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ப்ரொஃபைலிங் வரை போயிருக்கவே வேண்டாம். ஹேஸ்கால்ஸ்டாக் 2016-இல் ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சி 8.0-வோடு வந்துவிட்டது. ஃபங்ஷனின் டைப்பில் அதைச் சேர்த்தால் அழைத்த இடத்தின் வரி எண் கிடைக்கும். 9.4 முதல் ஹெட், டெய்ல் இரண்டுக்கும் அது உண்டு. 9.2-இல் -ஃபின்ஃபோ-டேபிள்-மேப் வந்தது. பைனரி பெருக்கும், ஆனால் ப்ரொஃபைலிங் இல்லாமலே மூலவரியோடு பொருத்திப் பார்க்கலாம். 9.10-இல் பிடிபடாத எக்ஸெப்ஷனோடு பேக்ட்ரேஸ் தானாகவே அச்சாகும். முதலில் பதிப்பை ஏற்றுங்கள். அப்புறம் ஹெட்டைத் தூக்கிவிட்டுப் பேட்டர்ன் மேட்ச் (காலிப் பட்டியலைத் தனியாகக் கையாளும் முறை) எழுதுங்கள்.

பதிவு 1

பதிப்பை ஏற்ற அப்போது வழி இல்லை. ஹேஸ்கால்ஸ்டாக்கையும் முயன்றோம், ஹெட்டுக்குப் பதில் சொந்தமாக ஒன்று எழுதி. இடையில் ஒரே ஒரு ஃபங்ஷனின் டைப்பில் அது விட்டுப்போயிருந்தது. ட்ரேஸ் சரியாக அங்கேயே நின்றது, மேலே அழைத்தது யார் என்று தெரியவில்லை. வடிகட்டும் அந்த ஃபங்ஷன்தான் அது.