கர்ப்பத்தில் ஹைப்பர் தைராய்டு: மருந்து மாற்றியவர்கள் இருக்கிறீர்களா?

தோழிகளே, என் தங்கைக்காகக் கேட்கிறேன். அவளுக்கு முன்பிருந்தே கிரேவ்ஸ் நோய் (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டி அதிகமாகச் சுரக்க வைப்பது), அதைக் குறைக்கக் கார்பிமசோல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதல் மூன்று மாதங்களில் அது குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று, கரு உருவானது தெரிந்ததுமே டாக்டர் பி.டி.யு. (புரோபில்தையோயூராசில்) என்ற வேறொரு தைராய்டு மாத்திரைக்கு மாற்றிவிட்டார். சரி, அது புரிகிறது. ஆனால் பி.டி.யு. கல்லீரலைப் பாதிக்கக்கூடும், கண் மஞ்சளானால் உடனே வாருங்கள் என்று சொன்னதிலிருந்து தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று இமையை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள், எனக்கு மனசு கேட்கவில்லை.

இப்போது நான்காம் மாதம் முடியப் போகிறது. படபடப்பு குறைந்திருக்கிறது, கை நடுக்கம் மட்டும் போகவில்லை. டம்ளரை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறாள். சொந்தக்காரர்கள் "மசக்கையில் டி.எஸ்.ஹெச். குறையத்தான் செய்யும், மாத்திரையே வேண்டாம்" என்கிறார்கள் (டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு அதிகமானால் இது குறையும்). ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்பகால ஹார்மோனால் ஆரம்பத்தில் குறைவது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், கிரேவ்ஸ் வேறு. அதனால் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தும் யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் உங்களுக்கு மறுபடி கார்பிமசோலுக்கு மாற்றினார்களா, பி.டி.யு.விலேயே விட்டார்களா? டி.ஆர்.ஏ.பி. ஆன்டிபாடி (கிரேவ்ஸில் தைராய்டைத் தூண்டுவது, குழந்தைக்கும் போகக்கூடியது) பரிசோதனை எந்த மாதத்தில் எடுத்தார்கள்? அப்புறம், அது அதிகமாக இருந்தவர்களுக்குக் குழந்தையின் இதயத் துடிப்பையும் வளர்ச்சியையும் எவ்வளவு அடிக்கடி ஸ்கேனில் பார்த்தார்கள்?