அம்மாவின் அட்டிகையை அழிக்கலாமா?

கேள்வி: மூன்றரைப் பவுன் கெம்புக்கல் அட்டிகை. எங்கள் தெரு ஆசாரி திண்ணையில் உட்கார்ந்து குமுட்டி ஊதிச் செய்தது. கொக்கி அறுந்துவிட்டது. கடையில், "பழசைப் போட்டுப் புதுசு எடுத்துக்கோங்க" என்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீங்க. கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன். கடையில் பார்ப்பதில் நிறைய வார்ப்பு நகை: ஒரே ரப்பர் அச்சில் மெழுகுத் தோடுகளாக எடுத்து, மரம் மாதிரி ஒட்டி, அதைச் சுற்றி அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி எடுத்த இடத்தில் தங்கத்தை ஊற்றி மொத்தமாக வார்ப்போம். உங்கள் அட்டிகையோ கைவேலை; கல்லைப் பிடித்து வைக்க அதற்குள் அரக்கு இருக்கும். உருக்கினால் அரக்கும் கல்லும் கழியும், எடை இறங்கும். கூலியும் போச்சு.

இன்னொருவர் பதில்: புதுசில் 916 முத்திரை (22 காரட் தங்கம் என்பதற்கான அடையாளம்) இருக்குமே!

கேட்டவர்: சரி, கொக்கியை மட்டும் மாற்றுகிறேன். பற்றவைக்க ஆசாரி யாராவது தெரியுமா?