33 வயதில் லீசிங் வேலையை விட்டுக் கணித ஆசிரியராக வழி இருக்கிறதா?

லிந்துலை மலர் எழுதியது:

வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு லீசிங் நிறுவனத்தில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். தவணைக் கணக்குகள் என் பொறுப்பு. வயது 33, வருகிற மாசியில் 34 முடியும். ஊர் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டம். அப்பா ஃபெக்டரியில் இருந்தவர், அம்மா கொழுந்து எடுத்தவர். இப்போதும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். நான் உயர்தரம் படித்தது கணிதப் பிரிவில். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி போதாமல் இடம் கிடைக்கவில்லை. வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. படித்தேன். முடிக்க ஏழு வருடம் ஆனது. கணிதம் அதில் ஒரு பிரதான பாடம்.

ஏன் இந்தக் கேள்வி என்று சொல்கிறேன். த்ரீவீலருக்கு ஆறு லட்சம் கடன் எடுப்பவர் மாதம் 18,500 வீதம் 60 மாதம் கட்ட வேண்டும் என்றால், மொத்தம் 11 லட்சத்து 10 ஆயிரம். அந்தப் பெருக்கலைச் செய்து பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்றாவது தவணை பிந்தியதும் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். அவர்களில் பலர் என் ஊர்க்காரர்கள், என்னோடு படித்தவர்களும் உண்டு. வீட்டுக்குப் போனால் அக்காவின் மகன். போன வருடம் சாதாரண தரம் எழுதினான். பத்தாம் வகுப்பில் அவர்களுடைய கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனார், பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. பையனுக்குக் கணிதம் போய்விட்டது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன் இஸ்தோப்பில் (விறாந்தையில்) ஏழு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைக்குச் சதவீதம் தெரியவில்லை. என் அம்மாவின் பழைய சம்பளச் சிட்டையைக் கொடுத்து, ஊழியர் சேமலாப நிதிக்குக் (EPF) கழித்த காசு மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்டேன். அரைமணி நேரம் அடித்து அடித்து எழுதி ஒரு பிள்ளை விடையைக் கொண்டுவந்தது. அடுத்த சனி தன் அம்மாவின் சிட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தது. இந்த வேலையைத்தான் நான் முழுநேரமாகச் செய்ய வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

இந்த வயதில் எந்த வழி திறந்திருக்கிறது? பட்டதாரிகளுக்கான ஆசிரியப் பயிற்சியான பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முதலில் முடிக்க வேண்டுமா? வேலையை விட்டுவிட்டு, நிரந்தர நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியராகப் போனால் நியமனத்துக்கு உதவுமா?

டிக்கோயா விஞ்ஞானம் எழுதியது:

தங்கச்சி, நான் கண்டியில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் ஆறு வருடம் இருந்துவிட்டு விஞ்ஞான ஆசிரியரானவன். நியமனக் கடிதம் கைக்கு வந்த நாளில் என் வயது 34ம் பத்து மாதமும். அதனால் உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது.

வேறு சில நாடுகளைப் போல ஆசிரியருக்கென்று தனி லைசென்ஸ் நம் நாட்டில் இல்லை. இலங்கை ஆசிரியர் சேவைக்குள் நியமனம் பெறுவதுதான் இங்கே வழி. பத்தனையில் இருக்கிற ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியை மறந்துவிடுங்கள். அது உயர்தரம் முடித்த கையோடு இசட் புள்ளியில் எடுபடும் இளம் பிள்ளைகளுக்கானது. இரண்டு வருடம் கல்லூரியில், ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. நமக்கு வயது போய்விட்டது. உங்களுக்குத் திறந்திருப்பது பட்டதாரி ஆசிரியர் ஆட்சேர்ப்பு. நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ் வருபவை, ஆகவே மத்திய மாகாணத்தின் அறிவித்தலைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாடவாரியாக, மொழிவாரியாக வெற்றிடம் போடுவார்கள். தமிழ் மொழிமூலக் கணிதம் என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

இனி என் அனுபவம். முதல் அறிவித்தலை நான் தவறவிட்டேன். பட்டம் முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சான்றிதழில் பட்டம் செல்லுபடியாகும் திகதி என்று ஒன்று இருக்கிறது. அது விண்ணப்ப முடிவுத் திகதிக்கு மூன்று வாரம் பிந்தியிருந்தது. விண்ணப்பத்தை எடுக்கவில்லை. அடுத்த அறிவித்தல் வரும்வரை இரண்டு வருடம் காத்திருந்தேன். வயதையும் அந்த முடிவுத் திகதியில் வைத்துத்தான் பார்ப்பார்கள். பொதுவாக எல்லை 35. சில தடவை கூட்டியிருக்கிறார்கள், அதை நம்பி இருக்காதீர்கள்.

இரண்டாவது, பெயர். இதை நம் ஆட்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் போதாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பதிந்தவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். என் அப்பாவின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து வைத்திருந்ததால் நேர்முகப் பரீட்சையில் தப்பினேன். எனக்கு முன்னால் இருந்த ஒரு பிள்ளை அன்றைக்கு அழுதுகொண்டு வெளியே வந்தது. அறிவித்தல் வந்த பிறகு இதற்கு ஓடினால் நாள் போதாது, இப்போதே எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மாகாணத்தில் நிரந்தர வதிவையும் கேட்பார்கள். கிராம உத்தியோகத்தரிடம் பேசி வையுங்கள்.

எழுத்துப் பரீட்சையில் பொது அறிவும் நுண்ணறிவும் வரும். கணக்குப் பிள்ளை நீங்கள், அதற்குப் பயப்படத் தேவையில்லை. பிரயோகப் பரீட்சைதான் வேறு விஷயம். மூன்று பேர் முன்னால் உட்கார்ந்திருக்க, ஐந்தாறு நிமிடம் ஒரு பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். நான் உருளைக்கிழங்குத் துண்டையும் உப்புத் தண்ணீரையும் கொண்டுபோய்ப் பிரசாரணத்தை விளக்கினேன். பாடம் தெரிந்திருந்தது, ஆனால் கரும்பலகையில் எழுதிப் பழக்கமில்லாததால் எழுத்து மேட்டுக்கு ஏறியது. வீட்டில் ஒரு பலகை வாங்கி இன்றிலிருந்தே எழுதிப் பழகுங்கள்.

நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை வேலையை விட வேண்டாம். இதை மட்டும் கேளுங்கள்.

நோர்வூட் ராஜா எழுதியது:

தங்கச்சிக்கு வாழ்த்து. டிக்கோயா சேர் சொன்ன கடைசி வரியை நானும் சொல்கிறேன். உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்பில் புடவைக் கடையில் நின்றவன் நான். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தபோது 2015இல் நியமனம் கிடைத்தது. மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். கடையில் அதைவிட நன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு 10,000 ஆக்கினார்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அது போதவில்லை, மனைவியின் சங்கிலி இரண்டு தடவை அடகுக்குப் போனது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்த பிறகுதான் ஆசிரியர் சேவைக்குள் எங்களை உள்வாங்கினார்கள். அந்த வருடங்களில் எங்களோடு வந்தவர்கள் சிலர் திரும்பிப் போய்விட்டார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் பட்டேன், ஆனாலும் இந்த வேலைக்கு வந்ததில் எனக்கு ஒரு நாளும் வருத்தமில்லை. ஐந்தாம் வகுப்பு என் கையில் இருக்கிறது. ஆனால் வீட்டில் எத்தனை பேர் உங்கள் சம்பளத்தை நம்பியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நியமனம் கிடைத்த பிறகும் முதல் சம்பளம் கைக்கு வர மாதங்கள் பிந்தலாம். ஆறு மாதச் செலவுக்குக் காசு சேர்த்து வையுங்கள்.

பதுளை நிலா எழுதியது:

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. பட்டம் இல்லை, ஆனால் ஆங்கிலம் நன்றாக வரும் என்றால், உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் உயர் தேசிய ஆங்கில டிப்ளோமாவைப் பாருங்கள். கண்டியிலும் பதுளையிலும் நிலையம் இருக்கிறது. அந்த டிப்ளோமாவை ஏற்று ஆங்கில ஆசிரியர்களை எடுத்திருக்கிறார்கள். நான் ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை செய்துகொண்டு படிக்கிறேன். சனி ஞாயிறு லீவு கேட்டுக் கேட்டே மேனேஜரின் முகம் மாறிவிட்டது, இருந்தாலும் முடிப்பேன்.

ஓய்வுபெற்ற அதிபர் எழுதியது:

மகள், எழுபதுகளின் கடைசியில்தான் நம் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. எண்பதுகளில் நான் முதல் பாடசாலைக்குப் போனபோது ஒரே மண்டபம், நடுவில் தட்டி கூட இல்லை. ஒரு மூலையில் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, மறுமூலையில் நான் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துவேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் வேலை செய்த ஒவ்வொரு இடத்திலும் கணித ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். உங்களைப் போன்ற ஒருவர் தானாக வந்து கேட்பதைப் பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

பட்டப்பின் கல்வி டிப்ளோமா பற்றிக் கேட்டீர்கள். அது இல்லாமலே பட்டதாரிக்கு நியமனம் கிடைக்கும். பிறகு முடிக்காவிட்டால் பதவி உயர்வு தடைப்படும், அவ்வளவுதான். அதில் கற்பித்தல் பயிற்சி இருக்கிறது, அதற்கு ஒரு வகுப்பறை வேண்டும். ஆகவே முதலில் நியமனம், அப்புறம் டிப்ளோமா. நீங்கள் படித்த திறந்த பல்கலைக்கழகத்திலோ, மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்திலோ வேலையோடு படிக்கலாம்.

தொண்டர் ஆசிரியர் என்று வேலையை விட்டுப் போக வேண்டாம். நிரந்தரமாகும் என்று சொல்லிப் பத்து வருடம் காத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, பக்கத்துப் பாடசாலை அதிபரிடம் போய்ச் சனிக்கிழமை மேலதிக வகுப்பு எடுக்க அனுமதி கேளுங்கள். வலயக் கல்விப் பணிமனைக்கும் அவர் மூலமாக ஒரு கடிதம் போகட்டும். நியமனத்துக்கு அது புள்ளி தருமோ இல்லையோ, நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பழகுவீர்கள். இஸ்தோப்பில் ஏழு பேருக்குக் கேட்கிற குரல் மண்டபத்தில் கேட்காது.

லிந்துலை மலர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டிக்கோயா அண்ணா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இரவே பெட்டியை இறக்கினேன். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் 'சுப்பையா', என் உயர்தரச் சான்றிதழில் 'சுப்பய்யா'. அடையாள அட்டையில் முதலெழுத்தே வேறு. திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டிருக்கிறேன், தலவாக்கலையில் ஒரு சமாதான நீதவானைப் பார்க்கப் போகிறேன். பட்டச் சான்றிதழில் திகதி இருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை.

அதிபர் ஐயா, நேற்று பாடசாலைக்குப் போனேன். அதிபர் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை, அடுத்த சனியே வரச் சொன்னார். 26 பிள்ளைகள். வேலையை விடவில்லை, கடிதம் வரும்வரை விடவும் மாட்டேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. கடன் தவணை எங்கள் வீட்டிலும் ஒன்று ஓடுகிறது, அதை முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு கேள்வி மட்டும். நான் பட்டம் படித்தது ஆங்கிலத்தில். பிரயோகப் பரீட்சையைத் தமிழில் செய்ய வேண்டுமா? எந்தப் பாடத்தை எடுத்தால் நல்லது?

டிக்கோயா விஞ்ஞானம் எழுதியது:

தமிழ் மொழிமூல வெற்றிடத்துக்குப் போகிறீர்கள் என்றால் தமிழில்தான் செய்ய வேண்டும். உயர்தரம் தமிழில் படித்தவர் நீங்கள், வகையீடும் மடக்கையும் நாக்கில் இருக்கும். ஆனால் அந்தப் பெரிய பாடங்கள் வேண்டாம். சதவீதம் எடுங்கள். அம்மாவின் சம்பளச் சிட்டையைப் பெரிதாக ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள், பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள். எழுத்து கடைசி வாங்குக்குத் தெரிய வேண்டும். வருகிற சனி அந்த 26 பிள்ளைகளுக்கும் இதையே நடத்திப் பாருங்கள், எந்த இடத்தில் அவர்கள் முழிக்கிறார்கள் என்று வந்து எழுதுங்கள்.