ஃபேன் பெல்ட் திரும்பத் திரும்ப அறுந்து போகிறது, எங்கே பார்ப்பது?

தாளவாடி_தோட்டம்:
வணக்கமுங்க. டீசல் பிக்கப், 2015 மாடல். தாளவாடியில் முட்டைக்கோஸ், தக்காளி ஏற்றி, திம்பம் மலைப்பாதையில் இறங்கி, சத்தி (சத்தியமங்கலம்), மேட்டுப்பாளையம் மார்க்கெட் வரைக்கும் ஓடுகிறது. மழைக்கு முன்னாடி வரைக்கும் பெல்ட்டைப் பற்றி நினைத்ததே இல்லை. இப்போது புதுசு போட்டாலும் 2000 கிலோமீட்டர் தாங்குவதில்லை. ஓரம் நூல் நூலாகப் பிரிகிறது, அப்புறம் பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் ஓடும் வரிகளில் ஒன்று மட்டும் நீளமாக உரிந்து வருகிறது, கடைசியில் அறுந்து விடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிச் கிச் என்று சத்தம், வண்டி சூடானால் குறைகிறது. மட்டமான பெல்ட் என்று நினைத்து கம்பெனி பெல்ட்டே வாங்கிப் போட்டோம், அதுவும் அதே கதி. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் புதுசு. போன தடவை திம்பத்தில் இறங்கும்போது அறுந்தது, ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகி, பிரேக்கும் மிதிக்க மிதிக்கக் கெட்டியாகி விட்டது. முழு லோடு, பின்னால் வண்டி வரிசை. ஓரமாக ஒதுக்கி நிறுத்துவதற்குள் உயிர் போய் வந்தது. மெக்கானிக் இன்னொரு பெல்ட் போடலாம் என்கிறார். வேறு என்ன பார்க்கணும்?

பெருந்துறை_டிரைவர்:
இன்ஜின் முன்பக்கம், கிராங்க் தண்டு வெளியே வருகிற இடத்து சீலில் ஆயில் கசிகிறதா பாருங்க, ஆயில் பட்டால் ரப்பர் ஊதி வரி உரியும். சத்தத்துக்காகப் பெல்ட் மேல் ஸ்பிரே, மெழுகு எதுவும் போட வேண்டாம். மண்ணைத்தான் இழுத்து ஒட்டும்.

சங்ககிரி_பட்டறை:
முதல்ல ஒன்று சொல்லி விடுகிறேன் தம்பி. காரணம் தெரியாமல் அந்த வண்டியை லோடோடு திம்பத்தில் இறக்க வேண்டாம். பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கான (மிதியை லேசாக்குகிற பாகம்) வாக்கம் பம்ப், அதாவது காற்றை உறிஞ்சும் பம்ப், டைனமோவுக்குப் பின்னாலேயே இருக்கும், பெல்ட் அறுந்தால் டைனமோ நிற்கும், வாக்கமும் நிற்கும். மிச்சமிருக்கிற வாக்கத்தில் இரண்டு மூன்று மிதிதான் லேசாக இருக்கும், அப்புறம் முழுப் பலமும் காலில்தான். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவில் அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது பெல்ட்டுக்கு வருவோம். தேய்ந்து வயசாகிப் போகிற பெல்ட் எல்லா வரியிலும் ஒரே மாதிரி தேயும். இப்போது வருகிற பெல்ட் பெரும்பாலும் ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர், பழைய பெல்ட் மாதிரி வெடிப்பு விடாது, நல்லபடியாக இருந்தால் 60,000 கிலோமீட்டருக்கு மேலேயே ஓடும். ஒரே பக்கத்து ஓரம் மட்டும் பிரிந்தால் ஏதோ ஒரு புல்லி மற்றதோடு நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். பெல்ட்டின் மேல் பழி இல்லை. கழற்றிய பெல்ட்டைத் தூக்கிப் போட்டு விட்டீர்களா? எந்தப் பக்க ஓரம் பிரிந்திருக்கிறது? தொந்தரவு ஆரம்பிப்பதற்கு முன்னால் இன்ஜின் முன்பக்கத்தில் என்ன வேலை பார்த்தீர்கள்?

தாளவாடி_தோட்டம்:
பெல்ட் வண்டியிலேயேதான் கிடக்கிறது அண்ணா. எல்லாமே இன்ஜின் பக்கத்து ஓரம்தான் பிரிந்திருக்கிறது. மழைக்கு முன்னாடி சார்ஜ் ஏறவில்லை என்று டைனமோவைக் கழற்றி ஒரு எலக்ட்ரிக் கடையில் கொடுத்தோம், காயில் கட்டி பேரிங் மாற்றினார்கள். பழைய புல்லி ஒரு பக்கம் லூசாகச் சுற்றுகிறது, கெட்டுவிட்டது என்று சொல்லி வேறு புல்லி போட்டுக் கொடுத்தார்கள்.

சங்ககிரி_பட்டறை:
கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் லூசாகச் சுற்றுவது கெட்ட புல்லி இல்லை, அது கிளட்ச் புல்லி. ஒரு பக்கம் திருப்பினால் டைனமோவும் சேர்ந்து சுற்றும், மறுபக்கம் திருப்பினால் புல்லி மட்டும் வழுக்கும். கம்பெனியிலேயே அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

காரணம் இதுதான். டீசல் இன்ஜின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை, ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஒரு உந்து உந்தித் தளரும். டைனமோவுக்கு உள்ளே சுற்றுகிற ரோட்டார் எடை அதிகம், கிராங்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தில் சுற்றுகிறது, கிராங்க் தளரும்போது அது தளராது. கிளட்ச் புல்லி அந்த நேரத்தில் ரோட்டாரைத் தனியாக ஓட விடும். உங்களுக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி வழுக்காத கெட்டிப் புல்லி போட்டால் ரோட்டார் பெல்ட்டைப் பிடித்து இழுக்கும், டென்ஷனர் கை நிற்காமல் துள்ளும். நீங்கள் மலையில் கியர் மாற்றி ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு இறக்கும்போது ஒவ்வொரு தடவையும் பெல்ட்டுக்கு ஒரு அடி. டென்ஷனர் புதுசு போட்டும் நிற்காதது இதனால்தான் இருக்கணும்.

இது போக அந்தப் புல்லியின் தடிமன் பழையதோடு ஒத்திருக்காது. இந்தப் பெல்ட்டில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி மூன்றரை மில்லிமீட்டர்தான், புல்லி இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே கிட்டத்தட்ட ஒரு வரி விலகின மாதிரி. இன்ஜினை நிறுத்தி, நேரான இரும்பு ஸ்கேலைக் கிராங்க் புல்லி முகத்தில் வைத்து டைனமோ புல்லி வரைக்கும் நீட்டிப் பாருங்க. முகத்தின் தடிமன் வேறாக இருந்தால், பெல்ட் வரி உட்காரும் பள்ளத்தை வைத்து அளங்க.

கோவை_லேத்:
அண்ணன் சொன்னது சரி. கூடவே கிராங்க் புல்லியையும் விட்டு விடாதீங்க. உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் ரப்பர் இருக்கும். அது பிரிந்தால் வெளி வளையம் நகரும், பெல்ட் ஓரத்தை மெல்லும். இரண்டு வளையத்துக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மலை இறங்காமல் பக்கத்திலேயே ஒரு ஓட்டம் போய் வந்த பிறகு பாருங்க, கோடு உடைந்திருந்தால் புல்லி போய்விட்டது.

சத்தத்துக்கு ஒரு சோதனை: ஐடிலிங்கில் வரி இருக்கும் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், சத்தம் சித்த நேரம் அடங்கித் திரும்ப வந்தால் நேர்கோடு தப்பு, கூடுதலானால் பெல்ட் இறுக்கம் குறைவு. ஃபேனில் கை படாமல் தள்ளி நின்று தெளியுங்க.

கெட்டிப் புல்லிக்கு வாஷர் போட்டு நேராக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்க வேண்டாம். ஓரம் பிரிவது நிற்கும், துள்ளல் நிற்காது.

தாளவாடி_தோட்டம்:
ஸ்கேல் வைத்துப் பார்த்தோமுங்க, டைனமோ புல்லி மட்டும் மூன்று மில்லிமீட்டர் போல வெளியே நிற்கிறது. தண்ணீர் தெளித்ததும் கிச் கிச் அடங்கித் திரும்ப வந்தது. ஐடிலிங்கில் டென்ஷனர் கை வெடவெடவென்று ஆடுகிறது, இதைப் புது டென்ஷனரில் ஏன் யாரும் கவனிக்கவில்லை என்றே தெரியவில்லை. கிராங்க் புல்லியில் கோடு உடையவில்லை. கோயமுத்தூரில் வண்டி நம்பரைச் சொல்லி கிளட்ச் புல்லி வாங்கிப் போட்டாயிற்று, பள்ளம் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கிறது, டென்ஷனர் கையும் அசையாமல் இருக்கிறது. டென்ஷனர் இவ்வளவு நாள் அடி வாங்கியிருக்கிறதே, அதையும் மாற்றணுமா அண்ணா?

சங்ககிரி_பட்டறை:
கழற்றிக் கையால் சுற்றிப் பாருங்க. சரசரவென்று சத்தம் வந்தாலோ, பேரிங் ஆட்டம் இருந்தாலோ, டென்ஷனர் கை திரும்பும்போது சிக்கினாலோ மாற்றியே ஆகணும். ஒன்றும் இல்லை என்றால் இருக்கட்டும். பெல்ட் மட்டும் புதுசு போடுங்க, ஓரம் பிரிந்ததைத் திரும்ப மாட்ட வேண்டாம். கொஞ்ச நாள் சத்தி வரைக்கும் இறங்காமல் மேலேயே பக்கத்து ஊர்களுக்கு ஓட்டிப் பார்த்து, ஓரத்தில் நூல் வரவில்லை என்று தெரிந்த பிறகு திம்பத்தில் லோடு இறக்குங்க.