ரயில் ஒழுங்கா ஓடற படங்கள் எவை? மாடித் திரையிடலுக்கு நாலு வேணும்

சூரமங்கலம் மாடி:

வணக்கமுங்க. சேலம் ஜங்ஷன் பக்கம் எங்க குடியிருப்பு மொட்டை மாடியில மே மாசம் நாலு சனிக்கிழமை படம் போடறோம். நாலும் ரயில் படம். பார்க்க வர்றவங்கள்ல பாதிப் பேர் ரயில்வேயில ஓய்வு பெற்றவங்க: டிரைவர், கார்டு, பாயிண்ட்ஸ்மேன், வேகன் பரிசோதிக்கறவங்க. மீதி ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் படிக்கற பசங்க. அதனால ரயில் சும்மா பின்னால ஓடற படம் வேண்டாம். எஞ்சின், பிரேக், சிக்னல், அதுல வேலை செய்யற மனுஷங்க, இதெல்லாம் சேர்ந்து கதையை இழுத்துட்டுப் போகணும். எந்த இடத்துல தப்பா காட்டியிருக்காங்கன்னும் சொல்லுங்க, படம் முடிஞ்சதும் பெரியவங்க பசங்களுக்கு விளக்கலாம். எந்த மொழியா இருந்தாலும் சரி. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்த ஊர், நல்லதாப் போடணும்.

பழைய கரி எஞ்சின்:

முதல் வாரத்துக்கு யோசிக்கவே வேண்டாம். பஸ்டர் கீட்டன் நடித்து, இணைந்து இயக்கிய 'தி ஜெனரல்', 1926. பேசாப் படம் என்பதால் மொழிச் சிக்கல் கிடையாது, ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ல் ஒரு எஞ்சினைத் திருடிக்கொண்டு ஓடியது உண்மையில் நடந்தது. அதை வைத்துப் பின்னிய கதை. ஆரிகன் மாநிலத்தில் நிஜ எஞ்சின்களை ஓட்டி எடுத்தார்கள்.

பசங்களுக்கு ஒரு காட்சியை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். காதலி கோபித்துக்கொண்ட வருத்தத்தில் கீட்டன் எஞ்சினின் பக்கவாட்டு ராடில் உட்கார்ந்திருப்பார், எஞ்சின் மெல்ல நகர ஆரம்பிக்கும். பெரிய சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் ராட் அது. சக்கரம் சுற்றினாலும் ராட் மட்டும் சாயாது. தண்டவாளத்துக்கு இணையாகவே மேலே ஏறி, முன்னால் போய், கீழே இறங்கி வட்டம் போடும். அதனால்தான் அவர் நேராக உட்கார்ந்தபடியே ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்குகிறார். பார்க்க லேசாக இருக்கும். ஆனால் நீராவியை விடும் ரெகுலேட்டரை ஒரு நூல் கூடுதலாகத் திறந்திருந்தால் சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே படபடவென்று சுற்றியிருக்கும், ராடில் இருக்கும் ஆளைத் தூக்கி எறிந்திருக்கும். அந்தக் காட்சியில் முகம் தெரியாமல் எஞ்சினை ஓட்டிய டிரைவரின் கைக்கு ஒரு கும்பிடு.

அந்த வழுக்கலையே பிறகு சிரிப்பாகவும் காட்டுவார். சக்கரம் சுற்றும், எஞ்சின் நகராது. மண்ணை வாரி தண்டவாளத்தில் போடுவார், உடனே பிடித்துக்கொண்டு அவரை விட்டுவிட்டே கிளம்பிவிடும். சரியான வைத்தியம்தான். ஏத்தத்திலும் மழையிலும் மணல் விடுவதற்காகத்தான் எஞ்சின்களில் மணல் பெட்டி வைத்திருக்கிறார்கள். கடைசியில் எரியும் பாலத்தில் இருந்து ஆற்றில் விழுவதும் நிஜ எஞ்சின். இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்பு சேகரிக்கும் வரை அது ஆற்றிலேயே கிடந்தது.

இரண்டாம் வாரம் 'தி டிரெயின்', 1964, ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கியது, பர்ட் லங்காஸ்டர் நடித்தது. 1944 ஆகஸ்டில் பாரிசிலிருந்து ஓவியங்களை ரயிலில் ஏற்றி ஜெர்மனிக்குக் கடத்தப் பார்க்கிறார்கள், பிரெஞ்சு ரயில்வே தொழிலாளர்கள் தடுக்கிறார்கள். பட்டறையில் வேலை பார்த்தவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். வயதான டிரைவர் ஒருவர் எண்ணெய்க் குழாயில் சில்லறைக் காசுகளைப் போட்டு அடைத்துவிடுகிறார். எண்ணெய் போகாவிட்டால் பேரிங்கில் இருக்கும் ஒயிட் மெட்டல் என்ற மெதுவான உலோகக் கலவை சூடேறி உருகி ஓடும். இரும்பு உருகும் சூட்டில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குப் போதும், பிறகு எஞ்சின் ஒரு மைல்கூட நகராது. வெடிகுண்டு தேவையில்லை, நாலு காசு போதும். அதைவிட அருமை, லங்காஸ்டர் அதே பேரிங்கைத் தன் கையால் வார்த்துப் பொருத்தும் காட்சி. ஒரு நட்சத்திர நடிகர் பட்டறை வேலையை இவ்வளவு பொறுமையாகச் செய்து காட்டியதை வேறெங்கும் பார்க்க முடியாது.

அதில் ரயில்கள் மோதுவதும் நிஜம். எஞ்சின் நினைத்ததைவிட வேகமாக வந்து பல கேமராக்களை நொறுக்கியது. ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளை மாற்றி ஜெர்மானியரை ஏமாற்றும் பகுதியையும் கவனியுங்கள். ராத்திரியில் வண்டிக்குள் இருப்பவனுக்கு இது எந்த ஊர் என்று சொல்வது அந்தப் பலகை ஒன்றுதான்.

மேக்னசைட் ஜங்ஷன்:

கரி எஞ்சின் அண்ணன் சொன்ன ரெண்டும் சரி. ஆனா சேலத்துல போட்டுட்டு ஒரு தமிழ்ப் படம்கூட இல்லைன்னா நல்லா இருக்காது.

'கிழக்கே போகும் ரயில்' (1978, பாரதிராஜா) போடுங்க. பட்டணத்துக்குப் போன காதலன் ரயிலோட கடைசிப் பெட்டியில சேதி எழுதி அனுப்புவான், ஊர்ல இருக்கற பொண்ணு வண்டி போறப்ப படிப்பா. இது வெறும் கற்பனைன்னு நினைக்கறவங்க உண்டு. உங்க மாடியில இருக்கற கார்டுகளைக் கேளுங்க. ரயில்ல எல்லாரும் கட்டாயமாப் பார்க்கற இடம் கடைசிப் பெட்டிதான். பின்னாடி எல்.வி. (கடைசிப் பெட்டின்னு காட்டற) பலகையோ வால் விளக்கோ இருக்கான்னு ஸ்டேஷன்ல பார்த்தாத்தான் வண்டி முழுசா வந்து சேர்ந்திருக்குன்னு அர்த்தம். அது இல்லாம போனா, பாதிப் பெட்டி பின்னால பிரிஞ்சு நிக்குதோன்னு சந்தேகப்பட்டு அடுத்த வண்டியை விட மாட்டாங்க. சேதி எழுத அதைவிடப் பொருத்தமான பலகை கிடைக்காது.

ஒரே ஒரு சிக்கல். போய்ச் சேர்ந்த இடத்துல எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவாங்க. போகும்போது கடைசியா இருந்த பெட்டி திரும்பும்போது எஞ்சினை ஒட்டி வந்துடும். அதனால கிளம்பற ஸ்டேஷன்ல, அன்னைக்கு எது கடைசியோ அதுல எழுதினாத்தான் போய்ச் சேரும். பசங்களுக்கு இதை ஒரு புதிராவே போடலாம்.

'மூன்றாம் பிறை' (1982, பாலு மகேந்திரா) கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷன்ல எடுத்தது. நீலகிரி மலை ரயில் நம்ம சேலம் கோட்டத்துலதான் வருதுன்னு பசங்க பல பேருக்குத் தெரியாது. அந்த முடிவு அவ்வளவு வலிக்கறதுக்கு நடிப்போட அந்த வண்டியும் ஒரு காரணம். மலை ரயில் சட்டுனு வேகம் எடுக்காது. ஜன்னலோட கூடவே நடக்கலாம், ஓடலாம், குரங்கு வித்தை காட்டிக் கெஞ்சலாம். அதே காட்சியை நம்ம ஜங்ஷன்ல மின்சார எஞ்சின் வெச்சு எடுத்திருந்தா பிளாட்பாரம் தாண்டி எப்பவோ போயிருக்கும்.

'உயிரே' (1998) படத்துல வண்டி மேல ஆடற பாட்டும் அதே மலை ரயில்தான், கேமரா சந்தோஷ் சிவன். அந்தப் பாட்டை மட்டும் இடையில போட்டுட்டு இதைச் சொல்லுங்க: மேட்டுப்பாளையத்துல இருந்து உதகை வரை 46 கி.மீ., அதுல கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, 12 அடிக்கு ஓர் அடி ஏத்தம். எஞ்சின் முன்னால இழுக்காது, கீழ்ப்பக்கம் நின்னு தள்ளும். கொக்கி விட்டுப்போனாலும் பெட்டி எஞ்சின் மேலதான் சாயும், பள்ளத்துக்குப் போகாது. பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோட நிப்பார். அந்தப் பகுதியில மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கி.மீ.தான் வேகம், கூரை மேல ஆட முடிஞ்ச ரகசியம் அதுதான்.

'பச்சை விளக்கு' (1964) சிவாஜி எஞ்சின் டிரைவர். பெரியவங்க கேட்பாங்க, ஆனா அது குடும்பக் கதை, எஞ்சின் கொஞ்ச நேரம்தான் வரும். பாட்டை மட்டும் போடுங்க.

லோகூர் ஏத்தம்:

பிரேக் பற்றி யாரும் பேசவில்லையே. ரயில் படங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு தப்பு பிரேக்கில்தான் நடக்கிறது.

கொக்கியைக் கழற்றினால் பெட்டிகள் தறிகெட்டு ஓடும் என்று காட்டுவார்கள். நேர்மாறு. வண்டி நெடுகப் போகும் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும்வரைதான் பிரேக் விட்டிருக்கும். குழாய் பிரிந்தால் அழுத்தம் போய், இரண்டு துண்டும் தானாகவே பிரேக் பிடித்து நிற்கும். பழைய வாக்குவம் பிரேக்கிலும் இதே கொள்கை: வெற்றிடம் போனால் பிரேக் பிடிக்கும். 'தி பர்னிங் டிரெயின்' (1980) படத்தில் வில்லன் வாக்குவம் பிரேக்கைக் கெடுத்ததும் வண்டி நிற்காமல் ஓடுவது இதனால்தான் உதைக்கிறது. குழாயை அறுத்தால் அங்கேயே நின்றிருக்கும். நிற்காமல் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு பெட்டியாகப் போய் சிலிண்டரின் ரிலீஸ் வால்வை இழுத்துவிட்டிருக்க வேண்டும்.

சங்கிலியை இழுத்ததும் எல்லோரும் முன்னால் சாய்ந்து விழுவதும் அப்படித்தான். சங்கிலி ஒரு சின்னத் துளையைத்தான் திறக்கிறது. காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், டிரைவர் முன்னால் இருக்கும் மானியில் முள் இறங்கும், அவர் பார்த்து நிறுத்துவார்.

சரியாகக் காட்டியதற்கு 'அன்ஸ்டாப்பபிள்' (2010, டோனி ஸ்காட்). மூன்றாம் வாரத்துக்கு வையுங்கள். 15 மே 2001 அன்று ஒஹையோவில் 47 பெட்டி கொண்ட கூட்ஸ் வண்டி ஆளில்லாமல் 66 மைல் ஓடியது, அதிலிருந்து பிறந்த கதை. பிரேக் இருந்தும் ஏன் நிற்கவில்லை? யார்டுக்குள் நகர்த்தும்போது பெட்டிகளின் காற்றுக் குழாயை இணைக்கவில்லை, அது அங்கே வழக்கம். எனவே எஞ்சின் பிரேக் மட்டும்தான். முன்னால் இருந்த பாயிண்டை (தண்டவாளம் பிரியும் இடம்) மாற்ற இறங்கும் முன் டிரைவர் டைனமிக் பிரேக் போட்டதாக நினைத்தார். அந்த எஞ்சினில் வேகத்துக்கும் டைனமிக் பிரேக்குக்கும் ஒரே கைப்பிடி, எது என்று தனி சுவிட்சில் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வு விழவில்லை. பிரேக்கை முழுதாக வைப்பதாக நினைத்து வேகத்தை எட்டாவது நாட்ச்சில், அதாவது முழு வேகத்தில், வைத்துவிட்டு இறங்கினார். எஞ்சின் பிரேக் போட்டிருந்ததால், டிரைவர் விழிப்போடு இருக்கிறாரா என்று கேட்கும் கருவியும் வேலை செய்யவில்லை. மூன்று சின்னக் காரணங்கள், தனித்தனியாக எதுவும் ஆபத்தில்லை.

டைனமிக் பிரேக் என்றால் என்ன என்று பசங்கள் கேட்டால் நம்ம லோகூர்–டேனிஷ்பேட்டை இறக்கத்தைச் சொல்லுங்கள். மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி வண்டியைப் பின்னுக்கு இழுப்பது. இன்றைய மின்சார எஞ்சின்கள் அப்படிக் கிடைக்கும் மின்சாரத்தை மேலே கம்பிக்கே திருப்பி அனுப்பிவிடும். படத்தில் வேறொரு எஞ்சின் பின்னால் துரத்தி வந்து கொக்கி மாட்டி இழுப்பதும் உண்மையில் நடந்ததே. உயரமான வளைவில் சாய்ந்துகொண்டு போவது மட்டும் சினிமா.

சூரமங்கலம் மாடி:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கடைசிப் பெட்டிப் புதிரை அப்படியே எடுத்துக்கறேன். நாலாவது வாரத்துக்கு 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' போடச் சொல்லி ஒரு பெரியவர் கேட்கறார். சரியா வருமா? அப்புறம் சத்தம் பத்தி ஏதாவது சொல்லுங்க, ஸ்பீக்கர் ரெண்டு இருக்கு.

கைகாட்டி:

போடலாம், ஒரு விளக்கத்தோடு. டேவிட் லீன் 1957-ல் இயக்கிய படம். இலங்கையில் கித்துல்கலவில் மரப்பாலத்தை நிஜமாகவே கட்டி, நிஜ ரயிலோடு வெடித்தார்கள். முதல் முயற்சியில் ஒரு கேமராக்காரரிடமிருந்து சைகை வராததால் வெடிக்காமலே நிறுத்த, வண்டி பாலத்தைக் கடந்துபோய் அந்தப் பக்கம் மோதி நின்றது. மறுபடி தூக்கி வைத்து எடுத்தார்கள். தாய்லாந்தில் இருக்கும் உண்மையான பாலம் இரும்பும் கான்கிரீட்டும், இன்றும் அதில் ரயில் ஓடுகிறது.

ஜப்பானியருக்குப் பாலம் கட்டத் தெரியாது, ஆங்கிலேயக் கைதிகள்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று படம் காட்டுவது தப்பு. அவர்களிடம் தேர்ந்த பொறியாளர்கள் இருந்தார்கள். இதைவிடப் பெரிய குறை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட, அந்தப் பாலம் இருக்கும் 415 கி.மீ. சயாம் மரண ரயில் பாதையில் மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். படத்தில் அவர்கள் வருவதே இல்லை. படம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் இதைச் சொல்லிவிட்டுப் போடுங்கள், தமிழ்ப் பசங்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் பார்க்க வேண்டும். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும், ஏழு மணிக்கே ஆரம்பியுங்கள்.

சத்தத்துக்கு: இரண்டு சிலிண்டர் கரி எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு 'சக்' கேட்க வேண்டும். பிஸ்டனின் இரண்டு பக்கமும் நீராவி தள்ளுகிறது, சிலிண்டர் இரண்டு, ஆக நாலு. சக்கரம் தெரியும் காட்சிகளில் பசங்களை எண்ணச் சொல்லுங்கள். டப்பிங்கில் ஒட்டவைத்த சத்தம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஸ்பீக்கர்களைத் திரைக்கு இரண்டு பக்கமும் காது உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். மாடித் தரையில் வைத்தால் கீழ் வீட்டுக் கூரைதான் அதிரும், வசனம் தெளிவாகக் கேட்காது.

உரிமை விஷயம்: நம் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 'தி ஜெனரல்' எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் புதிதாகச் சேர்த்த பின்னணி இசைக்குத் தனி உரிமை இருக்கலாம், சத்தத்தை அணைத்துவிட்டு யாரையாவது ஆர்மோனியம் வாசிக்கச் சொன்னால் தீர்ந்தது. 1978, 1982, 1998, 2010 படங்களுக்கு அனுமதி வாங்கித்தான் போட வேண்டும்.

மேக்னசைட் ஜங்ஷன்:

ஆர்மோனியம் நல்ல யோசனை. வாசிக்கறவர் படத்தை முன்னாடியே ரெண்டு தடவை பார்த்துடணும், பாலம் உடையற இடத்துல கை நின்னுடக் கூடாது.